வாசல் வெளிச்சத்து மஞ்சள்

ஜூலை 16, புதன்

என் அண்ணன் ஞானத்துக்கு இன்று நினைவுத் திருப்பலி. காலை ஆறு மணிப் பூசை. என் வீட்டுக்காரர் தான் ஓட்டும் காலேஜ் பஸ்ஸுக்கு வேறு டிரைவரை ஏற்பாடு செய்துவிட்டு எங்களோடு வந்தார். மகள் ரீனா பிரசங்கம் முழுக்கத் தூங்கி என் தோளில் எச்சில் வடித்தாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை!

பூசை முடிந்து, மாதா சொரூபம் இருக்கும் கெபியில் மெழுகுவத்தி ஏற்றினோம். அவர் ஏற்றிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல வெயில். கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஓடியிருந்தது.

எல்லா மஞ்சளும் ஒன்றா என்ன? மேட்சிங் சென்டரில் பதினோரு வருஷமாகச் சேலைக்கு ஜாக்கெட் பிட் எடுத்துக் கொடுக்கிறவள் நான். மாம்பழக் கலர், எலுமிச்சை, கடுகு, தேன், சந்தனம் என்று மஞ்சள் வரிசையே சுவர் முழுக்க இருக்கிறது. இது சந்தனத்தைத் தாண்டி எலுமிச்சைக்குப் போகிற வழியில் இருக்கும் மஞ்சள். அண்ணனுக்கு முதலில் வந்ததும் இதேதான். அப்போது நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"என்னங்க, கண்ணு ஒரு மாதிரி இருக்கே?"

"நாலு மணிக்கு எழுப்பிவிட்டா கண்ணு வேற எப்படிடி இருக்கும்?" என்றார்.

அண்ணனும் இவரும் கூட்டாளிகள். எந்த விஷயத்தில் கூட்டாளிகள் என்று இங்கே எழுத மாட்டேன். அண்ணனைக் குழியில் இறக்கிய அன்று, மண்ணை அள்ளிப் போட்ட கையோடு, இனி அதைத் தொடமாட்டேன் என்று இவர் சொன்னார். நாலு வருஷமாகத் தொடவில்லை. தொடவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

கோழி எடுத்தோம். எண்ணெய் காய்ந்த வாடையே எனக்குக் குமட்டியது. அப்பாவும் மகளும் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார்கள்.

சாப்பிடும்போது அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். டியூப்லைட்டில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் கடையில் சட்டமே அதுதான். எவ்வளவு நல்ல விளக்கு இருந்தாலும் சேலையையும் பிட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் கத்தரி வைக்க வேண்டும். வெட்டிய துணியைத் திரும்ப வாங்க மாட்டோம். மனுஷனை எப்படி வாசலுக்கு இழுத்துப் போவது? விடிவதற்கு முன்னால் கிளம்புகிறார். இருட்டிய பிறகு வருகிறார். லீவு நாளில் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. எங்கள் வீட்டில் ஜன்னல் என்று இருப்பதும் அடுத்த வீட்டுச் சுவரைத்தான் பார்க்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

ஆடித் தள்ளுபடிக் கூட்டம். உட்கார நேரமில்லை.

இரவு அவர் உள்ளே வரும்போது கிராம்பு வாசனை வந்தது. "எதுக்கு கிராம்பு?" என்று கேட்டேன். "பஸ்ல ஒரு பையன் குடுத்தான்" என்றார். காலேஜ் பையன்கள் கிராம்பு கொடுக்கிறார்களாம். அண்ணன் ஏலக்காய் மெல்லுவான்.

ஜூலை 26, சனி

இன்று ஒரு அவமானம். லால்குடியிலிருந்து ஒரு அம்மா, போன வாரம் நான் வெட்டிக் கொடுத்த பிட்டைத் திரும்பக் கொண்டுவந்தார். சேலை நல்ல மாம்பழக் கலர். நான் கொடுத்திருந்தது அதற்கு இரண்டு படி குறைவான எலுமிச்சை. குருடி கூட அப்படிக் கொடுத்திருக்க மாட்டாள்.

"வாசல்ல வச்சுப் பாத்துட்டுத்தானேம்மா குடுத்தீங்க? நானும் உங்களை நம்பித்தானே தலையாட்டினேன்?"

அந்த அம்மா சொன்னது நிஜம். வாசலில் வைத்துத்தான் பார்த்தேன். இரண்டும் ஒட்டிப்போனதாகத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. நிஜாம் பாய் ஒன்றும் சொல்லாமல் வேறு பிட் வெட்டிக் கொடுக்கச் சொன்னார். முதலாளி திட்டினால் கூடத் தாங்கலாம், சும்மா இருந்தால் தாங்க முடியாது.

சுகந்தி என்னோடு ஆறு வருஷமாக வேலை பார்க்கிறவள். அவள்தான் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, மஞ்ச வரிசைப் பக்கம் போனாலே நீங்க சரியா பாக்காம கைக்கு வந்ததை எடுத்துட்டு வர்றீங்க. வெளுத்த மஞ்சள்தான் வருது. அடர்த்தியானதைத் தொடவே மாட்டேங்குறீங்க."

நான் அவள் மேல் எரிந்து விழுந்தேன். ஆனால் சாயங்காலம் கடுகுக் கலர் துணிச் சுருளை எடுக்கக் கை நீட்டியவள், பாதியில் இழுத்துக்கொண்டேன். துணிதான். வெறும் ரூபியா துணி. மஞ்சள் பாய்ந்த அண்ணனின் உள்ளங்கை ஞாபகம் வந்துவிட்டது.

புது ஸ்டாக்கில் கஞ்சி அதிகம். உள்ளங்கை அரிக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

சோப்பு மாற்றினேன். அரிப்பு நிற்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அவரை டாக்டரிடம் கூப்பிட்டுப் பார்த்தாயிற்று. "எனக்கு என்ன வந்துச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்றது? என் பொண்டாட்டிக்குக் கலர் சரியில்லைன்னு சொல்லட்டுமா?" என்று சிரிக்கிறார். சிரிக்கும்போது வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொள்கிறார். அதுவும் புதிது. என்னிடம் எதையோ மறைக்கிறார்.

இனிக் கேட்டுப் பயனில்லை. மாநகராட்சிப் பம்ப் ரூமுக்குப் பின்னால் கீழாநெல்லி மண்டிக் கிடக்கிறது. காமாலைக்கு அதைவிட மருந்து இல்லை. வேரோடு பிடுங்கி வந்து, அலசி, அம்மியில் மைய அரைத்து மோரில் கலக்கிவிட்டேன். உப்பும் பெருங்காயமும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் ஒரு சொம்பு கொடுத்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன மோரு இது?"

"பால்காரன் மாத்திட்டான். மாட்டுக்கு என்ன தீனி போடுறானோ."

மிச்சத்தையும் குடித்துவிட்டுப் போனார். அப்பாடா என்று இருந்தது. நானும் ஒரு வாய் குடித்திருக்கலாம், வாயெல்லாம் ஒரே கசப்பாகத்தான் இருக்கிறது. அரைத்தது அவருக்கே காணாது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் கடை உண்டு. காவிரிக்குப் போய்விட்டு ஊரே கடைவீதிக்கு வந்துவிட்டது. எல்லார் கழுத்திலும் கையிலும் புது மஞ்சள் கயிறு. எல்லாருக்கும் மஞ்சள் சேலைக்கு ஜாக்கெட் வேண்டும். எங்கே திரும்பினாலும் மஞ்சள். மத்தியானம் தலை சுற்றி, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

சுகந்தி காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டு, முகத்தில் மஞ்சளோடு கடைக்கு வந்தாள். வாசலில் என்னைப் பார்த்ததும், "என்னக்கா, நீங்களும் இன்னைக்கு மஞ்சள் பூசிக் குளிச்சீங்களா? முகம் தங்கமாட்டம் மின்னுது!" என்றாள்.

நான் மஞ்சள் பூசிப் பல வருஷம் ஆகிறது. அடுத்த வாரம் அவள் தங்கச்சிக்கு வளைகாப்பு. மூன்று நாள் லீவு வேண்டும், அதற்கு நான் பாயிடம் சிபாரிசு செய்ய வேண்டும். அதுதான் இந்தப் பூச்சு. எனக்குத் தெரியாதா.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

என்னைக் கலர் பக்கத்திலிருந்து தூக்கிவிட்டார்கள்.

ஆவணிக் கல்யாணக் கூட்டம் ஒன்று. பெண் வீட்டார். அக்கா தங்கை எல்லாருக்கும் ஒரே மாதிரி கடுகு மஞ்சள் பட்டு. ஏழு பிட் வெட்டி, தைக்கவும் கொடுத்தாயிற்று. தைத்து வந்த பிறகுதான் சேலையோடு வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஏழும் சந்தனக் கலர். பெண்ணின் சித்தி கடை நடுவில் நின்றுகொண்டு கத்தினாள்.

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு கேள்விப்பட்டிருக்கேன். இந்தம்மாவுக்கு மஞ்சளெல்லாம் வெள்ளையா தெரியுது!"

அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாளே. அவளுக்கு என்ன தெரியும். நான் உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கிற மாதிரி நின்று அழுதேன்.

பாய் சாயங்காலம் கூப்பிட்டார். "அமலிம்மா, கொஞ்ச நாளைக்கு லைனிங், சேலை ஃபால்ஸ் பக்கம் இருங்க. வெள்ளைத் துணிதான். கண்ணுக்கு ரெஸ்ட்." மரியாதையாகத்தான் சொன்னார். பதினோரு வருஷமாக, 'அமலி பார்த்துக் கொடுத்தால் சரியாக இருக்கும்' என்று ஊர் ஊராகத் தேடி வந்தார்கள். இப்போது லைனிங் கிழிக்கிறேன்.

வீட்டில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சண்டை.

அவர் குளிக்கப் போனபோது பையைத் திறந்து பார்த்தேன். டிபன் பாக்ஸ், துண்டு, ஜெபமாலை. அடியில் குட்டியாக ஒரு கண்ணாடிப் பாட்டில். மூடியைத் திறந்து முகர்ந்தால் கிராம்புத் தைலம். வாடையை மறைக்கத் தைலம் வரைக்கும் போய்விட்டாரா? அதற்குள் வந்துவிட்டார். என் கையில் பாட்டிலைப் பார்த்தார்.

"பையை எதுக்குக் கிண்டுற?"

"இது எதுக்குங்க?"

"ஒண்ணுமில்ல. வச்சிடு."

"உண்மையைச் சொல்லுங்க. திரும்ப ஆரம்பிச்சிட்டீங்களா?"

நாலு வருஷத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. இன்று போட்டார். "காலைல கண்ணைப் பாக்குற, ராத்திரி கண்ணைப் பாக்குற, தூங்கும்போது இமையைத் தூக்கிப் பாக்குற. நீ என்னையப் பாக்குறியா, இல்ல ஞானத்தப் பாக்குறியா?"

ரீனா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சாப்பாடு அப்படியே கிடந்தது. எனக்குப் பசியும் இல்லை.

எழுதி விடுகிறேன். குடி. நான் பயப்படுவது குடிக்கு. அண்ணன் போன மாதிரி இவரும் வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போய்விடுவார் என்று பயமாக இருக்கிறது. சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

மோர் கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கடை மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வெயில் வேறு. தண்ணீர் குடிப்பதே இல்லை போலிருக்கிறது, ஒன்றுக்குப் போனால் டிகாஷன் மாதிரி போகிறது. நாளையிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோக வேண்டும்.

ரீனா என் கையைப் பிடித்துப் பார்த்தாள். "அம்மா, கையெல்லாம் கோடு கோடா சொறிஞ்சு வச்சிருக்கியே. டாக்டர்கிட்ட போம்மா." முதலில் அப்பாவைப் போகச் சொல் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டாள். வளர்கிற பிள்ளை இல்லையா, எல்லாவற்றுக்கும் ஒரு பார்வை.

ஆகஸ்ட் 14, வியாழன்

வெள்ளைத் துணியிலும் எத்தனை வெள்ளை! பால் வெள்ளை, பஞ்சு வெள்ளை, நீலம் போட்ட வெள்ளை, பழுப்பு. லைனிங் பக்கம் வந்த பிறகுதான் இதையெல்லாம் கவனிக்கிறேன். இருப்பதிலேயே சுத்த வெள்ளையில் ஒரு கைக்குட்டை அளவு கிழித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒரு யோசனை வந்திருக்கிறது. சேலையை எப்படிப் பார்ப்போமோ அப்படியே அவரையும் பார்த்துவிட வேண்டியதுதான். நாளை சுதந்திர தினம், மாதா விண்ணேற்பு. காலேஜில் கொடியேற்றம் என்று பஸ் ஓடும். சனிக்கிழமை அவருக்கு லீவு. ரீனாவின் யூனிபார்முக்குத் துணி எடுக்க வேண்டும், கடைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறேன். சண்டைக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசாதவர், பிள்ளை பெயரைச் சொன்னதும் சரி என்றார்.

வாசலில் நிறுத்தி, கண்ணுக்குக் கீழே வெள்ளைத் துணியை வைத்துப் பார்த்துவிடுவேன். மஞ்சள் என்றால் அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரி. கத்தினால் கத்தட்டும்.

மாதாவே, மஞ்சளாக இருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பெரிய ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு. ரீனாவிடம் சொல்லி இந்த டைரியைக் கொண்டுவரச் சொன்னேன். கையில் ஊசி குத்தி வைத்திருப்பதால் எழுத்து கோணலாக வருகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்றுப் பத்தரை மணிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி. கடைக்கு வருவது அவருக்குக் கூச்சம். வெளியே செருப்பு ஸ்டாண்டு பக்கமே நின்றுகொண்டிருந்தார். நல்லதாகப் போயிற்று. நான் போய்க் கையைப் பிடித்து, வெயில் நேராக விழுகிற படிக்கு இழுத்தேன்.

"யூனிபார்ம் துணி உள்ளதானே இருக்கும்?"

"அதுக்கு முன்னாடி ஒரு வேலை. அசையாம நில்லுங்க."

ஜாக்கெட்டுக்குள்ளிருந்து துணியை எடுத்து அவர் கன்னத்தில் வைத்தேன். "மேல பாருங்க" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நல்ல பிள்ளை மாதிரி மேலே பார்த்தார்.

வெள்ளை. ஓரத்தில் தூக்கம் கெட்ட சிவப்பு நரம்பு, அவ்வளவுதான். துணியையும் கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அடுத்த கண்ணையும் பார்த்தேன். ஒரு மாதமாக நான் பார்த்த மஞ்சளை எங்கே தேடியும் காணோம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. வாடிக்கையாளர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். "தேறிட்டேனா?" என்றார். தலையாட்டினேன்.

"அப்ப நீ நில்லு. உன்னையும் பாத்துருவோம்." விளையாட்டுக்குத்தான் செய்தார். என் கையிலிருந்து துணியைப் பிடுங்கி, நான் பிடித்த மாதிரியே என் கன்னத்தில் வைத்தார். கலர் தெரியாத மனுஷர். கிளிப்பச்சையும் பாசிப்பச்சையும் அவருக்கு ஒன்றுதான். நான் மேலே பார்த்துக்கொண்டு, "என்ன கலர் சொல்லுங்க பாப்போம்" என்றேன்.

கண்ணை இறக்கிப் பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது, நிறம் மட்டும் வெளிறிப்போயிருந்தது. அந்த நிறத்துக்கு எங்கள் கடையில் துணியே கிடையாது.

"சுகந்தி, இங்க வாம்மா கொஞ்சம்" என்று கூப்பிட்டார். சுகந்தி வந்து பார்த்தாள். வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, அன்னைக்கு மஞ்சள் பூசினீங்களான்னு கேட்டேனே" என்று அழ ஆரம்பித்தாள். பாய் கடையை விட்டு இறங்கி வந்து ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

ஆட்டோவில் என் கையை அவர் விடவே இல்லை. டிரைவரை வேகமாகப் போகச் சொன்னார். பிறகு மெதுவாகப் போகச் சொன்னார். கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேன். எலுமிச்சையைத் தாண்டிப் போயிருக்கிறது. நல்ல கடுகுக் கலர். எத்தனை நாளாகவோ.

அரிப்பு, குமட்டல், டிகாஷன் எல்லாவற்றையும் டாக்டரம்மா கேட்டபோது வரிசையாக ஆமாம் ஆமாம் என்றேன். "இவ்வளவு இருந்தும் ஏம்மா வரல?" என்றார். என்ன சொல்வது? நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றா?

ஆகஸ்ட் 20, புதன்

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. பித்தப்பையில் இருந்த கல் ஒன்று நழுவி, பித்தம் போகிற குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறதாம். வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்துவிடலாம், அடைப்பு நீங்கினால் மஞ்சள் தானாக இறங்கும், பித்தப்பையைப் பிறகு ஆபரேஷன் செய்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பயப்பட வேண்டாம் என்றார்கள்.

வேடிக்கை என்னவென்றால் எனக்குப் பயமே இல்லை. அவருக்கில்லை, எனக்குத்தான் என்று தெரிந்த நிமிஷமே பயம் விட்டுப்போனது. பக்கத்துப் படுக்கை அம்மா மாம்பழக் கலரில் சின்னாளப்பட்டிச் சேலை கட்டியிருக்கிறார். எவ்வளவு நல்ல கலர்! அரக்கு ஜாக்கெட் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார்.

கிராம்புக்கும் விடை கிடைத்தது. கடைவாய்ப் பல் சொத்தை. இரண்டு மாதமாக வலியாம்.

"சொல்றதுக்கென்னங்க?"

"சொன்னா நீ விடுவியா? அன்னைக்குக் காய்ச்சல்னு சொன்னதுக்கு மூணு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போன. பல்லைப் பிடுங்குறதுன்னா எனக்கும் கொஞ்சம் பயம்."

என் பயத்துக்குப் பயந்து அவர் மறைத்தார். அவர் மறைத்ததைப் பார்த்து நான் பயந்தேன். நல்ல ஜோடி.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கல்லை எடுத்துவிட்டார்கள். தொண்டை வலி. வேறொன்றும் இல்லை. நான் உள்ளே இருந்த நேரத்தில் அவர் கீழே பல் டாக்டரிடம் போய்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாராம். வெளியே சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லையாம். பஞ்சைக் கடித்துக்கொண்டு சைகையில் பேசினார். ரீனா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. வேளாங்கண்ணிக் கொடியேற்றம். நடந்து போவதாக வேண்டிக்கொண்டேன் என்றார். பத்து நாள் பஸ்ஸை யார் ஓட்டுவார்கள் என்று கேட்டேன். அடுத்த வருஷம் என்று மாதாவிடம் தவணை கேட்டிருக்கிறாராம்.

பாய் ஆள் அனுப்பியிருந்தார். உடம்பு தேறியதும் பழைய இடத்துக்கே வரச் சொன்னார். மஞ்சள் வரிசையை வேறு யாரும் தொடவில்லையாம்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். இன்றுமுதல் மறுபடியும் கடைக்குப் போகிறேன்.

சனிக்கிழமை எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியான அளவுக்கு வந்துவிட்டது. டாக்டரம்மா கண்ணைப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்றார். சுகந்தி வந்து பார்த்து வெள்ளை என்றாள். ரீனா டார்ச் அடித்துப் பார்த்து வெள்ளை என்றாள். நானே பக்கத்து வீட்டு வாசலில் நின்று கைக்கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளைதான். கலர் விஷயத்தில் இப்போது என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

அவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. டூட்டி நேரத்தை மாற்றி வாங்கிக்கொண்டு, விடிந்த பிறகுதான் கிளம்புகிறார். தினம் காலையில் என்னைத் தெருக்குழாய்ப் பக்கம் வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய், சட்டைப்பையிலிருந்து அந்த லைனிங் துணியை எடுக்கிறார். பஸ் கிரீஸ் பட்டு அதுவே இப்போது வெள்ளையாக இல்லை. என் கன்னத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார்.

இன்றும் பார்த்தார். "இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு அமலி."

"டாக்டரம்மா வெள்ளைன்னு சொல்லிட்டாங்களே."

"அவங்க டியூப்லைட்ல பாத்தாங்க. இந்த ஓரத்துல இருக்கு பாரு. அந்த... எலுமிச்சையா, சந்தனமா, என்னமோ சொல்லுவியே."

மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாலு பேர் சொல்லி, பேப்பர் சொல்லி, இவருக்கு மட்டும் மஞ்சளா என்று வாயைத் திறந்தேன். அவர் துணியை மடித்து, சுத்தமான பக்கம் தேடி, மறுபடியும் என் கன்னத்தில் வைத்தார். வாயை மூடிக்கொண்டேன். அந்த மஞ்சள் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு மாதம் முழுக்க நான் பார்த்த மஞ்சள்தானே.

உள்ளே போய் ஒரு சொம்பைக் கொண்டுவந்து நீட்டினார். மோர். மேலே பச்சையாகத் திப்பி திப்பியாக மிதந்தது. அவசரத்தில் சரியாக அரைபடவில்லை.

"பால்காரன் மாத்திட்டான்" என்றார், என்னைப் பார்க்காமல்.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"கீழாநெல்லிக் கசப்பு தெரியாதா? ஞானத்துக்கு ஆறு மாசம் நான்தானே அரைச்சுக் குடுத்தேன்."

"பின்ன ஏன் குடிச்சீங்க?"

"குடிச்சு முடிச்சா உன் முகம் கொஞ்சம் தெளியும். அதுக்காகத்தான்."

அந்தச் சொம்பை வாங்கினேன். உப்பு அதிகம், பெருங்காயம் இல்லை, நாக்கில் வேர் நெருடியது. அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தேன். முடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்துக் காட்டினேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

நாளைக்கும் அரைப்பார். அரைக்கட்டும். கடைக்கு நேரமாகிவிட்டது.